அந்தக் கிரீமை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் மட்டக்களப்பு. வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன், கந்தோர் கோட்டையில். ஊரில் இருந்தபோது எப்போதாவது ஒன்றிரண்டு பரு வந்து போகும். இங்கே வந்தபிறகு நெற்றி முழுக்கச் சின்னச் சின்னதாகவும், தாடையோரம் பெரிதாக நோவோடும் வருகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் சவர்க்காரம் போட்டு முகம் கழுவுகிறேன். தேசிக்காய்ச் சாறும் பற்பசையும் பூசிப் பார்த்துவிட்டேன். கூட வேலை செய்யும் ஒருவர் தந்த கிரீமைப் பூசியபோது இரண்டு கிழமையில் முகம் பளிச்சென்று வந்தது. நிறுத்தியதும் முன்பைவிட மோசம். இப்போது திரும்பவும் அதையே பூசுகிறேன். அம்மா, "எல்லாம் உடம்புச் சூடு, எண்ணெய் வைத்து முழுகு" என்கிறா. மூன்று மாதத்தில் அக்காவுக்குக் கல்யாணம். அதற்குள் மாறுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் பருக்களைவிட என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்தக் கிரீம்தான். இரண்டு கிழமையில் முகத்தைத் தெளிய வைத்து, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்ப வைக்கும் பூச்சு என்றால், அதில் ஸ்டீரொய்ட் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொய்ட்கள் எக்ஸிமா, சொரியாசிஸ் மாதிரியான தோல் நோய்களுக்கு வைத்தியர்கள் அளவும் நாளும் குறித்துத் தருகிற மருந்துகள். சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கிவிடும். ஆனால் முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், சின்ன இரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும், அந்த மருந்தே புதுப் பருக்களைக் கிளப்பும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். நீங்கள் எழுதியிருப்பதும் இப்படித்தான் இருக்கிறது.

வெள்ளையாக்கும் என்று சொல்லி விற்கிற பூச்சுகள் சிலவற்றில் பாதரசமும் இருக்கிறது. அது தோலோடு நிற்காது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை ஒழிப்பதற்கும் சேர்த்துத்தான் மினமாட்டா உடன்படிக்கை என்று ஒரு சர்வதேச உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. அப்படியிருந்தும் செய்தவர் யார், உள்ளே என்ன என்று ஒன்றுமே அச்சிடாத டப்பிகள் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. தந்தவர் உங்களுக்கு நல்லது நினைத்துத்தான் தந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த டப்பியை அப்படியே எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். பூசத் தொடங்கியது எப்போது, எத்தனை தரம் பூசினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது, நிறுத்தும்போது வரும் எரிச்சலுக்கு என்ன செய்வது என்று அவர் சொல்வார். தனியார் வைத்தியரிடம் போகக் கையில் காசு இல்லையென்றால் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணமில்லை. அரை நாள் லீவு போட வேண்டி வரலாம். போடுங்கள்.

இனி முகம் கழுவுவது. பரு அழுக்கால் வருவதில்லை. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மயிர்க்கால்கள் வழியாகத்தான் எண்ணெயை வெளியே விடுகின்றன. அந்த வாயில் இறந்த தோல் செல்கள் ஒட்டிக்கொண்டு அடைத்துவிட்டால், எண்ணெய் உள்ளே தேங்கும். எல்லோருடைய தோலிலும் வாழ்கிற ஒரு பாக்டீரியா அதில் பெருகும். உடம்பு அதை எதிர்க்கும்போது சிவந்து வீங்கும். கரும்புள்ளியின் கறுப்பும் ஊத்தை இல்லை, அடைப்பின் வெளிமுனை காற்றுப் பட்டுக் கறுத்த நிறம். ஆகவே எத்தனை தரம் கழுவினாலும் உள்ளே இருக்கிற அடைப்பு கழுவுப்படாது. ஐந்தாறு தரம் சவர்க்காரம் போட்டால் தோலின் காப்பு அடுக்குத்தான் போகும், பிறகு எது பட்டாலும் எரியும். காலையும் இரவும் மணமில்லாத மென்மையான ஃபேஸ் வொஷ், விரல் நுனியால் மட்டும். ஸ்கிரப் வேண்டாம். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும். கழுவியதும் துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில்லாத மெல்லிய மொய்ஸ்சரைசர் ஒன்றும் பூசத்தான் வேண்டும். பரு உள்ள முகத்துக்கு அது கூடாது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், ஆனால் மருந்து பூசும் தோலுக்கு அது கட்டாயம் தேவை.

தேசிக்காயை இன்றோடு விடுங்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கொப்பளித்து, மாதக்கணக்கில் போகாத கரும்படை விழலாம். காலி வீதியில் பத்து நிமிடம் பஸ்ஸுக்கு நின்றாலே என்ன வெயில் என்று உங்களுக்கே தெரியும். பற்பசை பல்லுக்கு மட்டும்.

அம்மா சொல்கிற எண்ணெய் முழுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நெற்றியின் கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நெற்றியிலும் மயிர் தொடங்கும் ஓரத்திலும் நெருக்கமாக வருகிற சின்னப் பருக்களுக்குத் தலையெண்ணெய் ஒரு முக்கிய காரணம். தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைக்கக்கூடியது. காலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு, நெருக்குப்படும் பஸ்ஸில் கோட்டை வரைக்கும் போனால் வியர்வையோடு சேர்ந்து எண்ணெய் நெற்றிக்கு இறங்கும். இரவில் வைத்துப் படுத்தால் தலையணை உறையில் ஊறி, விடியும்வரை கன்னத்தில் படும். முழுக்கை விடச் சொல்லவில்லை. அது நம் வீட்டு வழக்கம், தலைக்கும் இதம். முழுகுகிற நாளில் அரை மணி நேரத்துக்கு முன் வைத்து, நெற்றிக்கு வழியாமல் பார்த்து, ஷாம்பூ போட்டு முழுக்க எடுத்துவிடுங்கள். கண்டிஷனர் போட்டால் அதையும் அலசி முடித்த பிறகு, கடைசியாக முகத்தையும் முதுகையும் கழுவுங்கள். தலையணை உறையைக் கிழமைக்கு ஒரு தரமாவது மாற்றுங்கள். முகத்துக்கென்று தனியாக ஒரு சின்னத் துவாய் இருக்கட்டும்.

இதோடு ஒரு கேள்வி. நெற்றிப் பருக்கள் எல்லாம் ஒரே அளவாக, கடியோடு இருக்கின்றனவா? நெஞ்சிலும் முதுகிலும் அப்படியே வருகின்றனவா? ஆமென்றால் அது முகப்பருவாக இல்லாமல், மலசேசியா என்ற பூஞ்சணத்தால் வருகிற மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். கொழும்பு மாதிரிப் புழுக்கமும் வியர்வையும் உள்ள இடத்தில் அது சாதாரணம். பரு மருந்துக்கு அது அடங்காது, வேறு மருந்து வேண்டும். வைத்தியரிடம் இதையும் சொல்லுங்கள்.

தாடையோரம் நோவோடு வருவது வேறு விடயம். உங்கள் வயதில் பெண்களுக்கு அங்கே வருவது பெரும்பாலும் ஹோர்மோனோடு தொடர்புடையது. மாதவிலக்குக்கு முந்திய கிழமையில் கூடும். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருகிறதா, நாடியில் தடித்த மயிர் முளைக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டா என்று பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் போகிற ஆளென்றால் இன்னொன்று: ஹெல்மெட் வாரும் உட்பஞ்சும் உரசி உரசியே பரு வரும். உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு, இறங்கியதும் வியர்வையை ஒற்றிவிடுங்கள். மேசையில் கையை ஊன்றி நாடியைத் தாங்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடவேண்டும்.

கிள்ளுவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கண்ணாடி முன் நின்றால் கை தானாகப் போகும். நம்முடைய தோல் நிறத்துக்குப் பரு ஆறினாலும் கரும்புள்ளி பல மாதம் நிற்கும். கிள்ளினால் அது இன்னும் கறுக்கும், பள்ளமும் விழலாம். பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசினால் புள்ளிகள் வேகமாக மங்கும். ஜெல் மாதிரியான எண்ணெயில்லாத வகை நம் புழுக்கத்துக்குத் தோதானது.

உடம்புச் சூட்டுக்கு வருவோம். கோழி, இறால், மாம்பழம் சூடு என்று ஒதுக்குவதால் பரு குறைவதற்கு ஆதாரமில்லை. ஆனால் சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லையென்றும் சொல்ல முடியாது. சீனியும் வெள்ளை மாவும் இரத்தத்தில் இன்சுலினை ஏற்றும். அதனால் எண்ணெய்ச் சுரப்பு கூடும். பாலுக்கும் பருவுக்கும் ஓரளவு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. கந்தோரில் காலையும் மாலையும் சீனி தூக்கலாகப் பால் தேநீர், கூடவே ஒரு பனிஸ் என்றால், இரண்டு மாதம் பிளேன்டீக்கு மாறி, சீனியையும் குறைத்துப் பாருங்கள். சோற்றை விட வேண்டாம், பட்டினியும் கிடக்க வேண்டாம். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். லீற்றர் கணக்கில் குடித்துப் பருவைக் கரைக்க முடியாது.

பழக்கங்களை மாற்றுவது மட்டும் உங்களுக்குப் போதாது, மருந்தும் வேண்டும். வைத்தியர் பெரும்பாலும் பென்சொயில் பெரொக்சைட் 2.5 சதவீதமோ, அடாப்பலீன் 0.1 சதவீதமோ, இரண்டுமோ தருவார். அடாப்பலீனை இரவில், பட்டாணியளவு எடுத்து, பருவில் மட்டும் வைக்காமல் பரு வருகிற இடம் முழுக்க மெல்லியதாகப் பூச வேண்டும். அடைப்பு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல கிழமை முன்பே உள்ளே தொடங்கிவிடுகிறது, அதனால்தான். முதலில் கிழமைக்கு இரண்டு மூன்று இரவு போதும், தோல் பழகியபின் கூட்டலாம். ஆரம்பத்தில் காய்ந்து உரியும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடியும் வரும். பயந்து நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாப்பலீன் பாவிக்கக் கூடாது. பென்சொயில் பெரொக்சைட் துணியின் சாயத்தை வெளுக்கும், வெள்ளைத் தலையணை உறை போடுங்கள். கடுமையான பருவுக்குத் தருகிற ஐசோட்ரெட்டினோயின் குளிசையை யார் சொன்னாலும் வைத்தியர் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள். அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும், இரத்தப் பரிசோதனையோடு கண்காணித்துத் தர வேண்டிய மருந்து.

அக்காவின் கல்யாணத்துக்குள் மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த மருந்துகளுக்கு 8 முதல் 12 கிழமை வரை கொடுக்க வேண்டும். ஆகவே இந்தக் கிழமையே தொடங்கினால் உங்களிடம் சரியான அளவு நேரம் இருக்கிறது. ஸ்டீரொய்ட் விட்ட எரிச்சல் முதல் சில கிழமையைத் தின்னலாம் என்பதையும் மனதில் வைத்திருங்கள். புதுப் பருக்கள் நன்றாகக் குறைந்திருக்கும். பழைய கரும்புள்ளிகள் முழுக்கப் போயிராது, அதை மேக்கப் மறைக்கும். எண்ணெயில்லாத மேக்கப் வாங்குங்கள், கல்யாண வீட்டில் எத்தனை மணிக்கு ஓய்ந்தாலும் கழுவிவிட்டுப் படுங்கள். கடைசி இரண்டு கிழமையில் ஃபேஷியல், ப்ளீச், புதுக் கிரீம் எதற்கும் சம்மதிக்காதீர்கள், பார்லர்க்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு பார்த்துத் தாடையில் பெரிதாக ஒன்று கிளம்பினால், தோல் வைத்தியர் அதற்குள் மட்டும் ஒரு சிறிய ஊசி போட்டு ஓரிரு நாளில் வற்ற வைக்கலாம். முதல் தரம் போகும்போதே கல்யாணத் திகதியை அவரிடம் சொல்லி வையுங்கள்.