மீன் தோலில் கொலாஜன்: கேள்வி பதில்

மீன் தோலிலிருந்து கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைப் பிரித்தெடுப்பது பற்றிப் பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடிப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் முதலில் வந்ததற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பாம்பன்: எந்த மீனோட தோல் நல்லதுண்ணே?

கிளாத்தி. தோல் தடிப்பு, கொழுப்பு குறைவு. தலைப் பக்கம் கீறி இழுத்தால் சட்டை கழற்றுவதுபோல முழுசாக உரிந்து வரும். அடுத்தது களவா, பாறை, விளமீன். செதிலை ஒன்றுவிடாமல் சுரண்டுங்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பின்னால் கரைசலைக் கலங்கடிக்கும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள்.

சூரை, சூடை வேண்டாம். கொழுப்பு கூடுதல், வாடை கடைசிவரை போகாது. அதைவிடப் பெரிய காரணம் ஹிஸ்டமின். இந்த மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் ஊறும், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வரும்.

பேத்தை மீன் தோலைத் தொடவே வேண்டாம். அதன் தோலிலும் நஞ்சு உண்டு, சமைத்தாலும் போகாது. கலந்து கிடக்கும் கழிவுக் கூடையிலிருந்து தோல் வாங்குபவர்கள் ஒவ்வொரு துண்டையும் பார்த்து எடுங்கள்.

தொண்டி: நாங்க குழுவா பத்துப் பேர் இருக்கோம். வீட்டு அடுப்புல செய்ற முறை வேணும்.

அக்கா, அடுப்பில் செய்தால் கிடைப்பது ஜெலட்டின். கொலாஜனைச் சூடாக்கிப் பிரித்த பொருள். ஏன் வேறு பெயர் என்று கீழே சொல்கிறேன். முறை இது:

தோல் 1 கிலோ, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டியது. உரித்த கையோடு ஐஸில் போட்டதாக இருக்க வேண்டும், ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ். லிட்டருக்கு 50 கிராம் உப்பு போட்ட குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் கிளறி வடியுங்கள். மூன்று தடவை. பிசுபிசுப்பும் நிறமும் பாதி அங்கேயே போகும். உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

பிறகு லிட்டருக்கு 10 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீர், தோலின் எடையைப் போலப் பத்து மடங்கு. ஃபிரிட்ஜில் ஓர் இரவு. காலையில் துண்டுகள் ஊதி, கண்ணாடிபோல, நுங்கைத் தொட்டாற்போல விரலில் வழுக்க வேண்டும். அப்படி ஆகவில்லையென்றால் தோல் பழசு, இல்லை வெயிலில் காய்ந்தது. அதை அடுப்பில் ஏற்றிக் கேஸை வீணாக்காதீர்கள்.

ஊதிய தோலைத் திரும்பத் திரும்ப அலசுங்கள். பிஎச் தாள் (புளிப்பு அளவைக் காட்டும் தாள்) 5க்கும் 6க்கும் நடுவில் காட்டியதும் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி 45 முதல் 50 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். தெர்மாமீட்டர் கட்டாயம். கை பொறுக்கிற சூடு என்று கணக்குப் பார்க்காதீர்கள். கொதித்தால் புரதம் துண்டு துண்டாகி, ஆறினாலும் உறையாது, பசை வாடையும் வரும். சூடு குறைந்தால் இரவெல்லாம் வெதுவெதுப்பில் கிருமி வளரும். மெல்லிய துணியில் வடித்து, 80 டிகிரிக்கு ஐந்து நிமிடம் ஏற்றி இறக்கி, தட்டில் மெல்லிசாக ஊற்றி உலர்த்துங்கள். கிலோவுக்கு 100 கிராம் அளவில் வந்தால் நல்ல விளைச்சல்.

தண்ணீர் விஷயம்: நம் பக்கத்து ஊற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் உவர். முதல் கழுவலுக்கு ஆகலாம், கடைசி அலசலுக்கும் சாறு எடுக்கவும் காவிரித் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர். இல்லாவிட்டால் தூளில் உப்புக் கரிக்கும்.

மண்டபம்: 50 டிகிரியில எடுத்தாலும் அதே புரதம்தானே? கொலாஜன்னே லேபிள் ஒட்டினா என்ன தப்பு?

இதே வாதத்தை ஏர்வாடியிலிருந்தும் ஒருவர் எழுதியிருக்கிறார், கொஞ்சம் கோபமாகவே. அவருக்கும் சேர்த்து.

மூன்று புரி முறுக்கிய கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கொலாஜன் அந்தக் கயிறு. சூடு பட்டதும் முறுக்கு அவிழ்ந்து மூன்று புரியும் தனித்தனியாகிவிடும். அதுதான் ஜெலட்டின். புரிகளையும் நொதியால் (என்சைம்) நறுக்கினால் பெப்டைட். மூன்றும் ஒரே நாரிலிருந்து வந்தவை, ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. குளிர்க் கடல் மீனில் இந்த முறுக்கு 15 டிகிரியிலேயே அவிழும். நம் வெப்பக் கடல் மீனில் பெரும்பாலும் 30ஐ ஒட்டி, மீனுக்கு மீன் கொஞ்சம் மாறும். மே மாதம் நம் சமையலறை அதைத் தாண்டிவிடும். அதனால் அவிழாத கொலாஜன் வேண்டுமென்றால் தொடக்கம் முதல் கடைசிவரை 4 டிகிரியில் வேலை: லிட்டருக்கு 4 கிராம் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு நாள், இடையில் மாற்றி மாற்றி. நடுநிலைக்குக் கழுவி, 0.5 மோலார் (லிட்டருக்கு 30 கிராம்) அசிட்டிக் அமிலத்தில் இரண்டு மூன்று நாள். உப்பிட்டுப் படியவைத்து, சவ்வில் உப்பு நீக்கி, உறைநிலையில் உலர்த்த வேண்டும். மையவிலக்கும் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரம்) உறை உலர்த்தியும் இல்லாத இடத்தில் இது நடக்காது.

இப்போது அவர்கள் பக்கத்து நியாயம். சாப்பிடுவதற்கு என்றால் இந்த வேறுபாடு பெரிதில்லை. வயிறு கயிற்றையும் புரியையும் எப்படியும் நறுக்கத்தான் போகிறது. ஜெலட்டின் தாழ்ந்த பொருள் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் காயத்துக்கான பஞ்சு செய்கிறவருக்கு அவிழாத கயிறுதான் வேண்டும். கொலாஜன் என்ற பெயரை நம்பி அவர் உங்கள் தூளை வாங்கினால் ஏமாந்தார். ஜெலட்டின் என்று எழுதினாலும் அது விற்கும். பெயரை மாற்றாதீர்கள்.

மண்டபம் (அவரே): அப்போ கடையில கொலாஜன் பவுடர்னு விக்கிறது?

பெரும்பாலும் பெப்டைட். நீங்களே பார்க்கலாம். 100 மில்லி தண்ணீரில் 7 கிராம் போடுங்கள். குளிர்ந்த நீரிலேயே கரைந்து, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தும் உறையாவிட்டால் பெப்டைட். குளிர் நீரில் ஊறி, சுடுநீரில் கரைந்து, காலையில் உறைந்திருந்தால் ஜெலட்டின்.

கீழக்கரை: பெப்டைட் நாமே செய்யலாமா? ஹலாலா இருக்குமா?

காக்கா (அண்ணே), மீன் பக்கம் பிரச்சினை இல்லை. நொதியைப் பாருங்கள். ஆய்வகத்தில் இதற்குப் பயன்படும் பெப்சின் வழக்கமாகப் பன்றி வயிற்றிலிருந்து எடுப்பது. பப்பாளிப் பாலில் வரும் பப்பைன் வாங்குங்கள், உணவுத் தரம் என்று போட்டிருக்க வேண்டும். பத்து சதவீத ஜெலட்டின் கரைசல், 60 டிகிரி, உலர் ஜெலட்டின் எடையில் நூற்றில் ஒரு பங்கு பப்பைன், இரண்டு மூன்று மணி நேரம். பிறகு 90 டிகிரியில் 15 நிமிடம் வைத்து நொதியை அடக்குங்கள். நேரம் கூடினால் கசக்கும்.

தொண்டி: காஸ்டிக் சோடாவ ஹார்டுவேர் கடையில வாங்கலாமா?

சாப்பிடும் பொருளுக்குக் கூடாது. எந்தச் சோடாவானாலும் தண்ணீரில் சோடாவைப் போடுங்கள், சோடாவில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தெறித்துக் கண் போகும். அலுமினியச் சட்டி ஆகாது, அரித்து வாயு கிளம்பும்.

ஏர்வாடி: முகத்துல தடவினா சுருக்கம் போகுமா?

ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேலே ஒரு மெல்லிய படலம் நிற்கும். அவ்வளவுதான். கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத பெரியது. சாப்பிட்டால்? தினம் 2.5 முதல் 10 கிராம் பெப்டைட் எட்டு, பன்னிரண்டு வாரம் எடுத்த ஆய்வுகளில் தோலின் ஈரப்பசை ஓரளவு கூடியிருக்கிறது. அவற்றில் பல, விற்கும் கம்பெனிகள் பணம் கொடுத்தவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

பாம்பன்: முகத்துல பூசலாமா?

மேலே பார்க்கவும்.

தேவிபட்டினம்: பூசினா வெள்ளையாவோமா?

இல்லை. நிறத்துக்கும் கொலாஜனுக்கும் சம்பந்தமில்லை.

ராமேஸ்வரம்: பிரேசில்ல தீக்காயத்துக்கு மீன் தோலையே ஒட்டுறாங்களாமே?

ஒட்டுகிறார்கள். அது கிருமி நீக்கிய திலாப்பியா தோல், ஆஸ்பத்திரியில் மருத்துவர் வைப்பது. வீட்டில் பச்சைத் தோலைப் புண்ணில் வைத்தால் வெதுவெதுப்பான கடலில் வாழும் விப்ரியோ கிருமி உள்ளே போகலாம், அது உயிரையே எடுக்கக்கூடும். தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெயர் போடாதவர்: கடல் அட்டையில கொலாஜன் அதிகமாமே?

இருக்கிறது. ஆனால் 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். எடுத்தாலும் வைத்திருந்தாலும் சிறை. இதற்கு மேல் பதில் கிடையாது.

மண்டபம்: தடைக்காலத்துல தோலுக்கு என்ன செய்ய?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும். மார்ச்சிலேயே தோலைச் சுரண்டிக் கழுவி, ஒரு கிலோப் பைகளில் காற்றை வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும். கரண்ட் போய் ஒருமுறை இளகிய பையை மறுபடி உறைய வைக்காதீர்கள், அன்றே சிட்ரிக் தண்ணீரில் போட்டுவிடுங்கள். கருவாடுபோல உப்பிட்டு வெயிலில் காயவைத்த தோல் வேண்டாம். அது ஊதாது.