கோடை விடுமுறையில் தற்காலிக வேலை: திருநெல்வேலிப் பக்கத்து மாணவர் எங்கே, எப்போது கேட்க வேண்டும்?

கேள்வி: பாளையங்கோட்டையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்தால் ஜூன் நடுப்பகுதி வரை விடுமுறை. அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கையாவது நானே சம்பாதிக்க விரும்புகிறேன். இணையத்தில் தேடினால் சென்னை, கோவை வேலைகளே வருகின்றன. நம் ஊரில் யாரிடம் போய்க் கேட்பது?

பதில்:

நானும் சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பேருந்தில் பாளையங்கோட்டைக்கு வந்து படித்தவன்தான். இரண்டு கோடைகளில் வேலைக்குப் போனேன். முதல் கோடையில் ஏமாந்தேன். இரண்டாவது கோடையில் மூன்றாம் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டினேன். அந்த இரண்டு அனுபவங்களையும், அதன் பிறகு என் தம்பிக்கும் தெரு மாணவர்களுக்கும் வேலை கேட்டு அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றையும் சொல்கிறேன்.

முதலில் மாதக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஒன்றரை மாத வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. சித்திரையில் கோவில் கொடை, வைகாசியில் கல்யாணம், மே மாதம் தேர்வு முடிவும் கல்லூரி விண்ணப்பமும், ஜூனில் பள்ளித் திறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆட்களைப் பங்குனியிலேயே, அதாவது மார்ச் மாதத்திலேயே பேசி வைத்துவிடுகிறார்கள். கடைசித் தேர்வை எழுதி முடித்த மறுநாள் கடை கடையாக ஏறி இறங்குபவருக்கு மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட இடங்களே மிஞ்சும். ஆகவே படிப்பு விடுமுறை தொடங்குவதற்கு முன்பே ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்னால் வர முடியும் என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். தெரிந்த ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு போவது இன்னும் நல்லது. இதைச் சிபாரிசு என்று எண்ணிக் கூச்சப்பட வேண்டியதில்லை. முகம் தெரியாத பையனைப் பாத்திரங்களோடும் பணப்பெட்டியோடும் விடுவதற்கு அவர்கள் யோசிப்பது நியாயம்தானே.

எனக்குக் கைகொடுத்தது கல்யாணப் பந்தி வேலை. வைகாசி முகூர்த்த நாட்களில் மண்டபங்கள் நிரம்பி வழியும்போது சமையல் ஒப்பந்தக்காரர்களிடம் இருக்கும் நிரந்தர ஆட்கள் போதாது. அவர்கள் நம்பிக் கூப்பிடுவது கல்லூரி மாணவர்களைத்தான். எங்கள் ஊர்த் தவசிப்பிள்ளை (கல்யாணச் சமையல்காரர்) ஒருவரிடம் அப்பாவுக்குப் பழக்கம் இருந்தது. 2011ஆம் ஆண்டு ஒரு கல்யாணத்துக்கு 250 ரூபாயும் சாப்பாடும் என்று பேசிச் சேர்ந்தேன். முதல் நாள் தண்ணீரும் உப்பும் மட்டுமே என் கையில் தந்தார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் கூட்டு, பொரியல் வாளிகளைத் தொட விட்டார்கள். இலையில் எது எந்தப் பக்கம் விழ வேண்டும், பாயசத்துக்கு முன் எது, பின் எது, யாருக்கு மறுசோறு கேட்க வேண்டும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் படியும். மறுவீட்டுப் பந்தியில் நான் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, "ஏடே, இஞ்சித் துவையல் இலையில இருக்கான்னு பாத்துட்டு ஊத்து" என்று அந்தத் தவசிப்பிள்ளை அண்ணாச்சி அதட்டியது இன்றும் காதில் இருக்கிறது. அந்த வேலையில் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும், நாள் முழுவதும் நடக்க வேண்டும். ஆனால் கூலி அன்றன்றே கைக்கு வந்துவிடும் என்பதே மாணவருக்கு அதில் உள்ள பெரிய அனுகூலம். வேலை பிடிக்காவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்குப் போகாமல் இருக்கலாம். எந்தப் பாக்கியும் நம்மைக் கட்டிப்போடாது.

மாதச் சம்பள வேலையில் அந்தச் சுதந்திரம் இல்லை என்பதை அதற்கு முந்தைய கோடையில் கற்றிருந்தேன். ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மாதம் 3,500 ரூபாய் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். காலை ஒன்பதரை மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்கு வெளியே வருவேன்; சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக் கூடாது. மே மாதச் சம்பளம் ஜூன் 10ஆம் தேதி வந்தது. கல்லூரி திறப்பதால் 12ஆம் தேதி விடைபெற்றபோது, மாதம் முடியாமல் போகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று அந்தப் பன்னிரண்டு நாள் கூலியைத் தர மறுத்துவிட்டார்கள். சேர்ந்ததற்கோ, பேசிய தொகைக்கோ என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அம்மாவிடம் அதைச் சொன்ன இரவை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பல்பொருள் அங்காடி எதுவானாலும் சேரும்போதே மூன்றைப் பேசி முடியுங்கள்: நாளுக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எந்தத் தேதியில், நடு மாதத்தில் விலகினால் வேலை பார்த்த நாட்களுக்குக் கணக்கு உண்டா. பேசியதை அன்று மாலையே மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதி அனுப்பி, 'சரி' என்ற ஒரு வார்த்தையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ கேளுங்கள். வந்து போகும் நேரத்தை ஒரு நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டு முதலே கடை ஊழியரின் வேலையை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தத்தை 2021இல் சட்டமன்றம் சேர்த்தது. நான் நின்ற காலத்தில் அது இல்லை, உங்களுக்கு இருக்கிறது. கூலி மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அப்போது அந்த வாட்ஸ்அப் செய்தியும் நோட்டும்தான் உங்களுக்காகப் பேசும்.

உங்களைப் போன்றவருக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் இடம் ஆன்லைன் மையம். மே மாதம் பிளஸ் டூ முடிவு வெளியானதும் பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கும் விண்ணப்பங்கள் இணையத்தில்தான் நிரப்பப்படுகின்றன. சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கான சான்று ஆகியவற்றுக்கும் அதே நாட்களில் கூட்டம் கூடும். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் போன்ற ஊர்களில் இந்த மையங்களை நடத்துபவர் பெரும்பாலும் ஒருவரே. அந்த மூன்று நான்கு வாரங்களுக்கு அவருக்குக் கட்டாயம் ஓர் உதவியாள் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே படிவத்தை நீங்களே நிரப்பியிருப்பீர்கள். எந்தச் சான்றிதழை எந்த அளவில் பதிவேற்ற வேண்டும், விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்துவதில் எங்கே தவறு நேரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தமிழ்த் தட்டச்சை மட்டும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் ஒரு பொறுப்பும் இருக்கிறது: பெயரில் ஓர் எழுத்துப் பிழை விட்டால் ஒரு பிள்ளையின் சேர்க்கை சிக்கலாகும். படித்துக் காட்டி, பெற்றோர் சரி என்ற பிறகே சமர்ப்பியுங்கள். கடவுச்சொல்லை எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளித் திறப்பை ஒட்டி நோட்டுப் புத்தகக் கடைகளிலும் சீருடைத் தையல் கடைகளிலும் மே கடைசி வாரத்திலிருந்து ஆள் எடுப்பார்கள். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது போன்றவற்றை வீட்டுக்கே வாங்கி வந்து செய்யலாம். கணக்கு நன்றாக வருமானால் பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நான்கு பேரைச் சேர்த்து வீட்டுத் திண்ணையிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கலாம். சாலையோரப் பதநீர், நுங்குக் கடைகளிலும் உதவிக்கு ஆள் வைக்கிறார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீர் வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும் என்பதால் காலையிலேயே வேலை முடிந்துவிடும். பிற்பகலில் வேறு வேலையும் பார்க்கலாம். கொடை விழாக்களுக்கு மைக் செட் போடுபவர்களோடு போவதற்குப் பையன்கள் ஆசைப்படுவார்கள். ஆனால் ஈரத் தரையில், இரவு முழுவதும், மின்கம்பிகளுக்கு நடுவே செய்யும் வேலை அது. மின்வேலை தெரியாதவர் ஒயரைத் தொடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

குற்றாலம் சீசனை நம்பித் திட்டம் போடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சாரல் விழுந்த பிறகுதான் அங்கே கடைகளுக்கும் விடுதிகளுக்கும் ஆள் தேவைப்படும். அருவியில் கூட்டம் கூடும் நேரத்தில் உங்கள் கல்லூரி திறந்திருக்கும்.

நீங்கள் மாணவியாக இருந்தால் திரும்பும் பேருந்தைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுங்கள். இரவு ஒன்பதரைக்கு டவுனில் கடை சாத்திய பிறகு வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம் வந்து, அங்கிருந்து கிராமத்துக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிப்பது தினமும் நடக்கக்கூடிய காரியம் அல்ல. எட்டு மணிக்கு விடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் விடுமுறையில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றிக் கட்டணம் கட்டிய தோழிகள் எனக்கு உண்டு. அந்தத் தூளை நாள் முழுவதும் சுவாசிப்பதைப் பார்த்தவன் என்பதால் அதைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் உங்கள் அம்மா அடையாள அட்டை உள்ள பீடித் தொழிலாளி என்றால், அவர்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலத்துறை கல்வி உதவித்தொகை தருகிறது; தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாதிச் சுமை அதிலேயே குறையலாம்.

வேலை தருவதற்கு முன் பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை இல்லை. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, விமர்சன நட்சத்திரம் போட்டால் காசு என்று டெலிகிராமில் வரும் அழைப்புகளும் அப்படித்தான். அசல் மதிப்பெண் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். கூலி அதிகம் என்று யாராவது சொன்னாலும் பட்டாசு ஆலைக்கும் கல்குவாரிக்கும் போகாதீர்கள்.

அறிவியல் படிப்பவராக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரின் கீழ் வேலை பார்க்கலாம். உதவித்தொகையும் பயணச் செலவும் தருவார்கள். இந்தக் கோடைக்கு அதற்கான காலம் கடந்துவிட்டது, ஏனென்றால் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பத்தை முடித்துவிடுகிறார்கள். பட்டமேற்படிப்பில் சேர எண்ணியிருந்தால் அடுத்த கோடைக்கு அது பயன்படும். அதற்கு ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவை என்பதால், ஆவணி பிறந்ததுமே துறையில் உங்களை நன்றாக அறிந்த ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.