குறளில் சொற்களை எண்ணுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருக்குறள் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று பைத்தான் நிரல்மொழியில் எண்ணினேன். ‘மழை’ பட்டியலிலேயே இல்லை, ‘மழ’தான் இருக்கிறது. ‘எல்லாம்’ மூன்று துண்டாகிவிட்டது. வரைபடத்தில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வருகின்றன. எங்கே தவறுகிறேன்?

முதுகலைத் தமிழ் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சொல்லைப் பிடிக்க எல்லோரும் எழுதும் பின்சாய்வு-டபிள்யூ (\w) குறிதான் காரணம். பைத்தானோடு வரும், எழுத்துக் கோலங்களைத் தேடித்தரும் ‘ஆர்இ’ (re) தொகுதி கால், கொம்பு, புள்ளி எதையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ஐகாரக் குறியைக் கண்டதும் சொல் முடிந்ததென்று வெட்டிவிடும். அந்தக் குறியை விட்டுவிட்டு, யூனிகோடு எண் 2944 முதல் 3031 வரை உள்ளவை தொடர்ந்து வந்தால் ஒரு சொல் என்று எழுதுங்கள். 3046க்கு மேல் தமிழ் எண்கள் இருப்பதால், ௧, ௨ என்று போட்ட குறள் எண்களும் இதிலேயே கழிந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் இரண்டு வேலைகள். கண்ணுக்குத் தெரியாத 8203, 8204, 8205, 65279 ஆகிய குறியீடுகளை நீக்குங்கள். பிறகு, பிரிந்த குறிகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றுங்கள். ‘கொ’வின் ஒகரக் குறி ஒரே எண்ணாகவும் (3018) இருக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் (3014, 3006) இருக்கலாம். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் கணினிக்கு அவை இரண்டு சொற்கள். ‘ஊரவர் கௌவை’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டியிருந்தால் என்எஃப்சி திருத்தாது. அதை நீங்களே தேடி மாற்றவேண்டும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 1330 குறள், குறளுக்கு ஏழு சீர், ஆக 9310 வரவேண்டும். வராவிட்டால், முதலடியில் நான்கும் இரண்டாமடியில் மூன்றும் இல்லாத குறள்களை மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். அதிகார எண், முகவுரை, உரைக்குறிப்பு என்று ஒட்டிக்கொண்டவை எல்லாம் வெளியே வந்துவிடும். இந்தச் சோதனையைத் தாண்டாமல் மேலே போகாதீர்கள்.

உண்மையான சிக்கல் சந்தியில் இருக்கிறது. ‘கற்க கசடறக் கற்பவை’யில் ‘கசடறக்’, ‘அதற்குத் தக’வில் ‘அதற்குத்’ என்று வருவதால், ஒரே சொல் பட்டியலில் பல இடங்களில் சிதறும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்ற இலக்கணம் இங்கே கைகொடுக்கும். சொல் க், ச், த், ப் என முடிந்து, அடுத்த சொல்லும் அதே எழுத்தின் வரிசையில் தொடங்கினால் அந்த மெய்யை எடுத்துவிடுங்கள். அடியடியாகச் செய்தால் தவறும். ‘துப்பாக்கித் துப்பார்க்குத்’ என முதலடி முடிய, அந்தத் தகர மெய்க்குக் காரணமான ‘துப்பாய’ இரண்டாமடியில் இருக்கிறது. ஆகவே இரண்டடியையும் இணைத்துப் பாருங்கள், ஆனால் அடுத்த குறளுக்குள் போகவேண்டாம். எடுத்த மெய்களையெல்லாம் தனிப்பட்டியலாக அச்சிட்டு ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள்.

றகர மெய்யில் இதைச் செய்யாதீர்கள். ‘சார்வாய்மற் றாங்கே’ என்பது ‘மற்று ஆங்கே’ சீருக்காக வெட்டுப்பட்ட இடம். இங்கே மெய்யை எடுத்தால் ‘மற்று’ என்ற சொல்லே அழிந்துபோகும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தொடங்கும் துண்டுகளைத் திரட்டினால் இத்தகைய வெட்டுகள் பெரும்பாலும் அகப்படும். ‘துப்பாய தூஉம்’ போன்றவை இந்த வலையிலும் சிக்காது, படித்துத்தான் பிடிக்கவேண்டும். திருத்தங்களைக் குறள் எண்ணோடு தனிக்கோப்பில் வையுங்கள், மூலக்கோப்பைத் தொடாதீர்கள். ‘தூஉம்’ என்பதிலுள்ள உகரம் அளபெடை. அதைத் தட்டச்சுப் பிழையென்று துடைத்துவிடவேண்டாம்.

செய்தித்தாள் மொழிக்காகத் தொகுத்த விலக்குச்சொல் பட்டியலையும் (எண்ணும்போது ஒதுக்கிவிடும் பொதுச்சொற்களின் பட்டியல்) இங்கே போடாதீர்கள். ‘இல்லை’, ‘அற்று’ போன்றவை வள்ளுவரின் வாதத்தையும் உவமையையும் தாங்கும் சொற்கள்.

படத்துக்கு வருவோம். பைத்தானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகத்தின் இயல்பான எழுத்துருவில் தமிழ் கிடையாது, அதனால்தான் கட்டங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள். அதன்பிறகும் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்றால், எஸ்விஜி (SVG) படக்கோப்பாகச் சேமித்து, மேட்பிளாட்லிப் அமைப்பில் ‘எஸ்விஜி.ஃபாண்ட்டைப்’ (svg.fonttype) என்பதற்கு ‘நன்’ (none) என்று கொடுங்கள். எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருக்கும், உலாவி சரியாகக் கோத்துக் காட்டும்.

சொற்குவியல் படம் வேண்டுமென்றால் வேர்டுகிளவுட் நூலகத்துக்குப் பனுவலைக் கொடுக்காதீர்கள், உள்ளே அதே டபிள்யூ குறிதான் இருக்கிறது. எண்ணி முடித்த பட்டியலைக் கொடுங்கள். ஆனால் அதில் நீளமான சொல் எண்ணிக்கையில் குறைந்தாலும் பெரிதாகத் தெரியும். முதல் முப்பது சொற்களுக்குப் படுக்கைவசப் பட்டை வரைபடமே நேர்மையானது.