ஆஸ்பத்திரியில் வலி: செவிலியரிடம் கேளுங்கள்

அறுவை சிகிச்சை வார்டிலும் ஐசியுவிலும் வேலை பார்க்கும் செவிலியர் நான். வலி பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. வலிக்கு டாக்டர் மருந்து எழுதிவிட்டார். நேரத்துக்குக் கொடுப்பதைத் தவிர சிஸ்டருக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. ரவுண்ட்ஸில் டாக்டர் உங்கள் அப்பாவைச் சில நிமிடம்தான் பார்ப்பார். மருந்து கேட்டதா இல்லையா என்பது அவர் போன பிறகுதான் தெரியும். ரத்தக்குழாய் வழியாகப் போடும் மார்ஃபின் என்ற வலி மருந்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் முழு வேகத்தில் வேலை செய்யும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அதனால் ஊசி போட்டு அரை மணிக்குள், மாத்திரை கொடுத்து ஒரு மணியில், திரும்பி வந்து "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், வலி விஷயத்தில் செவிலியர் செய்யும் மிக முக்கியமான வேலை இதுதான். வேலை நெருக்கடியில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

அசையாமல் படுத்திருப்பவரிடம் கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். இருமச் சொல்லி, புரண்டு படுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்காவிட்டால் சளி தங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையலாம். நடக்க வைப்பதற்கும் டிரெஸ்ஸிங் மாற்றுவதற்கும் முன்பே மருந்து வேலை செய்யும்படி நேரத்தைக் கணக்குப் பண்ணிக் கொடுப்போம். இருமும்போது தையல் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இழுவை குறையும்.

0 முதல் 10 வரை எத்தனை என்று கேட்கிறார்கள். எதை வைத்துச் சொல்வது?

வலியே இல்லையென்றால் 0. உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிக மோசமான வலி 10. தப்பான விடை என்று ஒன்று கிடையாது. காலையில் நீங்களே சொன்ன 7 இப்போது 4 ஆனதா என்பதுதான் எங்களுக்கு வேண்டும். எண்ணோடு வலியின் தன்மையையும் சொல்லுங்கள். எரிச்சலாகவோ கரண்ட் அடிப்பது போலவோ இருந்தால் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

இன்னொன்று: மாவுக்கட்டு போட்ட கையிலோ காலிலோ, மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால் உடனே கூப்பிடுங்கள். உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைப்படுவதாக இருக்கலாம். காத்திருக்கும் விஷயமில்லை அது.

நான் நர்சிங் மாணவி. நோயாளி 8 என்கிறார், ஆனால் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது சிஸ்டர்?

8 என்றுதான் எழுத வேண்டும்மா. நோயாளி எதை வலி என்கிறாரோ அதுதான் வலி என்று மார்கோ மெக்காஃபரி என்ற செவிலியர் 1968லேயே சொல்லிவிட்டார். வலியை மறக்கத்தான் பலர் போனைப் பார்க்கிறார்கள். நாள்கணக்காக வலி இருப்பவருக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும்கூடச் சாதாரணமாக இருக்கலாம். சிரித்ததை வைத்து மருந்தை நிறுத்தினால், அடுத்த முறை அவர் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்.

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரா? மூச்சு நின்றுவிடும் என்கிறார்களே?

ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள், கண்காணிப்போடு கொடுக்கும்போது அடிமையாகும் அபாயம் குறைவு. வலி குறையக் குறைய அளவையும் குறைத்துவிடுவோம். மூச்சைப் பொறுத்தவரை பயம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்பே அளவுக்கு மீறிய மயக்கம் தெரியும். அதனால்தான் மூச்சை எண்ணுகிறோம், பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறோம். தேவைப்பட்டால் மார்ஃபினின் விளைவை முறிக்க நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது.

நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்து எடுத்துக்கொள்ளும் கருவி வைத்திருந்தால், தயவுசெய்து நீங்கள் அழுத்தாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவரால் அழுத்த முடியாது, அதுவே ஒரு பாதுகாப்பு. அப்புறம், மார்ஃபின் மலச்சிக்கல் உண்டாக்கும். அதற்கான மருந்தையும் கூடவே ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவுக்கு மறதி நோய். வலி என்று சொல்லவே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும் இதுபோலத் தனி முறை இருக்கிறது. ஆனால் அவரை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் நீங்கள். சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, தொட்டால் கையைத் தட்டிவிடுவது என்று வழக்கத்துக்கு மாறாக எது செய்தாலும் சொல்லுங்கள். சிடுசிடுப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போது ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாமா என்று கேளுங்கள், நன்றாகவே பலன் தரும்.

"வலித்தால் கேளுங்கள், எஸ்ஓஎஸ் எழுதியிருக்கிறது" என்றார்கள். நடுராத்திரியில் எழுப்புவது தொந்தரவு இல்லையா?

இல்லவே இல்லை. எஸ்ஓஎஸ் என்றாலே தேவைப்படும்போது கொடுக்க வேண்டிய மருந்து என்றுதான் அர்த்தம். வலி முற்றிய பிறகு அடக்க அதிக மருந்தும் அதிக நேரமும் தேவைப்படும். ஆரம்பிக்கும்போதே கூப்பிடுங்கள்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரையைக் கொடுக்கலாமா?

கூடாது. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, சிலருக்கு அதைவிடக் குறைவுதான். வலி மாத்திரை, சளி மாத்திரை பலவற்றிலும் அது கலந்திருக்கும். ட்ரிப்பில் நாங்களும் அதையே ஏற்றிக்கொண்டிருப்போம். ஏற்கனவே கொடுத்திருந்தால், எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை என்று அட்டையோடு போய் டியூட்டி சிஸ்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.