உப்புக்காற்றுக்கு எந்த ஜன்னல்? சட்டத்தைவிட ஸ்க்ரூவைக் கவனியுங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் கடலுக்கு 300 மீட்டர் தள்ளி வீடு. ஆறு ஜன்னலிலும் இரும்புக் கம்பி துருப்பிடித்து மரநிலை வெடித்துவிட்டது. மாற்றுவதென்றால் அலுமினியமா, யூ.பி.வி.சி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கா? கடைக்குக் கடை ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுமே தரமாக இருந்தால் சட்டம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. பாம்பன், மண்டபம் பக்கம் ஜன்னல் போவது கீல், ரோலர், ஸ்க்ரூ வழியாகத்தான். இரும்பு துருவானால் பருக்கும்; உங்கள் நிலையைப் பிளந்ததும் அதுதான். பழைய கம்பியின் நுனி சுவருக்குள் இருந்தால் முழுக்கப் பிடுங்கிவிடுங்கள். விட்டால் நாளைக்குப் பூச்சு வெடிக்கும்.

கடல் பார்த்த பக்கத்துக்கு எங்கள் தேர்வு யூ.பி.வி.சி., அதுவும் கீல் வைத்து வெளியே திறக்கும் வகை. ஸ்லைடிங் ஓட இடைவெளி வேண்டும். கச்சான் என்ற மேல்காற்றில் மணலும் வாடைக்காற்றில் மழையும் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். கீல் வகையில் சுற்றிலும் ரப்பர் அழுந்தி மூடும். கிரில் உள்பக்கம் வரும் என்பதால் கைப்பிடி திருப்ப இடம் விடச் சொல்லுங்கள். காற்று மறைந்த பக்கத்துக்கு ஸ்லைடிங் போதும்.

யூ.பி.வி.சி. சட்டத்தின் உள்ளறை ஒன்றில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) இரும்பு இருக்கும். தண்ணீர் வெளியேறும் துளையை அந்த அறைக்குள் போட்டுவிட்டால் உப்புநீர் இரும்பைத் தின்னும். வெட்டிய சட்டத்தின் குறுக்குத் துண்டு ஒன்றைக் காட்டச் சொல்லி, துளை எந்த அறையில் விழுகிறது என்று பாருங்கள். அலுமினியம்தான் வேண்டுமென்றால் பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. ஈரச் சிமெண்ட் அதன்மேல் படவே கூடாது, காரம் அரித்துவிடும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூவுக்கு அடியில் நைலான் வாஷர் போட வேண்டும். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் பொரிந்துபோகும்.

ஸ்க்ரூ, கீல் எல்லாம் எஸ்.எஸ். 316 ரகம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 304 இந்தக் காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். 202 அதைவிட மோசம். ஒட்டவில்லை, நல்ல ரகம்தான் என்று காந்தம் வைத்துக் காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம்: 202-உம் காந்தத்தில் பெரும்பாலும் ஒட்டாது. கொசுவலை ஃபைபர்கிளாஸ் போதும். இரும்புக் கிரில் என்றால் வெல்டிங் எல்லாம் முடித்தபிறகு உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க வேண்டும். முக்கியபிறகு வெல்டு வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்து, துரு அங்கேதான் தொடங்கும்.

அளவு: நிலையை எடுத்தபிறகு அகலம், உயரம் இரண்டையும் மூன்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவில் 10 மி.மீ. கழியுங்கள். மூலையிலிருந்து 150 மி.மீ.யில் முதல் ஸ்க்ரூ. அடுத்தடுத்தவை 600 மி.மீ.க்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. வெளி இடுக்கில் நியூட்ரல் சிலிகான். புளிக்காடி (வினிகர்) வாடை அடிக்கும் மலிவுச் சிலிகான் சிமெண்டில் நிற்காது. ஆடிக் காற்றில் பூசினால் மணல் ஒட்டும், பங்குனி, சித்திரையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

சன்ஷேடுக்கு அடியில் மழை படாத மேல் கீல்தான் முதலில் கறுக்கும், உப்பைக் கழுவ அங்கே எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, கீழ்ச் சட்டத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முழுவதும் வெளிப்பக்கம் வடிந்தபிறகு பணம் கொடுங்கள்.