பெயர் இல்லாமல் எழுதித் தருபவர்

கேள்வி: என் தந்தைக்கு வயது 79. இலங்கையின் அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்தவர். தன் வாழ்க்கைக் கதையைக் கைபேசியில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். ஒருவர் பணத்துக்கு அதை நூலாக எழுதித் தருவதாகவும், அட்டையில் தந்தையின் பெயர் மட்டுமே இருக்கும் என்றும் சொல்கிறார். இவரை அமர்த்துவதா, அல்லது செம்மையாக்குபவர் ஒருவரே போதுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, அவர் செய்ய முன்வந்திருப்பது ‘கோஸ்ட் ரைட்டர்’ வேலை. பெயர்தான் புதிது. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் பிரஜாவுரிமை விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றித் தங்கள் தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்: சங்கதியும் கையொப்பமும் நம்முடையவை, வசனம் மட்டும் அவர்களுடையது. கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போடுவார்கள்; கோஸ்ட் ரைட்டருக்கோ முழு வேலைக்கும் பேரே கிடையாது, கூலி கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

செம்மையாக்குபவர் எழுதி முடித்த பிரதியைத் திருத்துபவர். தங்களிடம் பிரதியே இல்லாதபோது அவருக்கு இப்போது வேலையில்லை. இணையாசிரியர் அட்டையிலும் வருமானத்திலும் பங்கு கேட்பார். வாழ்க்கை வரலாறு எழுதுபவர் தந்தையை ‘அவர்’ என்றே எழுதுவார், அவர் சொன்னதை மறுக்கவும் செய்வார்.

இன்னொரு வழியும் உண்டு. பதிவுகளைக் கேட்டு, அந்தப் பேச்சைக் கலைக்காமல் ஒழுங்குபடுத்தி, ‘சொன்னவர்’, ‘தொகுத்தவர்’ என்று இருவர் பெயரையும் போடும் தொகுப்பாளரை அமர்த்தலாம். தந்தைக்குச் சொல்ல வருகிறது, எழுத மட்டுமே வரவில்லை என்பதால், என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது.

அப்படியும் முதலாமவரையே விரும்பினால், பத்து நிமிடப் பதிவொன்றைக் கொடுத்து, அதற்குரிய கூலியையும் கொடுத்து, இரண்டு பக்கம் எழுதச் சொல்லித் தந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘விடியுமுன்னே பிரட்டுக்குத் தப்பு அடிச்சாங்க’ என்று அவர் சொன்னது, ‘அதிகாலையில் தொழிலாளர்கள் வருகைப் பதிவுக்கு அழைக்கப்பட்டனர்’ என்று திரும்பி வந்தால், எழுதியவர் எவ்வளவு படித்தவராயினும் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நூலை வெளியிடுவது, விற்பது போன்ற பொருளாதார உரிமைகளைக் கைமாற்றுவது எழுத்தில், இரு தரப்பின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் நூல் தங்களுடையதாகிவிடாது. தன்னை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இதிலிருந்து வேறானது என்பதால், பெயர் வராமலிருக்க அவர் சம்மதிப்பதைத் தனியாகவே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்திடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுவது நல்லது. பணத்தை அத்தியாயங்கள் கைக்கு வர வரத் தவணையாகக் கொடுங்கள். லயத்து அயல் வீட்டாரைப் பற்றித் தந்தை மனம்விட்டுச் சொன்னவை வெளியே போகக்கூடாது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். பதிவுகளின் நகலை மட்டும் கொடுங்கள். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும்.