வெளியே தங்கம், வீட்டில் தகரமா?

கேள்வி: ஆபீஸில் என் மகனுக்குத் தங்கமான பையன் என்று பேர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது "ஏன்டா லேட்?" என்று கேட்டால் போதும், எரிந்து விழுகிறான். வெளியே நடிக்கிறானா? எது அவன் உண்மையான குணம்?
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: நடிப்பெல்லாம் இல்லை அம்மா. இரண்டுமே அவர்தான்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று 1973-ல் வெளியானது. இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை, பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசச் சொல்லி ஒவ்வொருவராக அனுப்பினார்கள். அதில் பாதிப் பேர் பேச வேண்டியது, அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையைப் பற்றி. போகிற வழியில், ஒரு சந்தில் ஓர் ஆள் தலை கவிழ்ந்து கிடக்கிறார். இருமுகிறார், முனகுகிறார். நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம் என்று கேட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே லேட் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சமாரியன் கதையைப் பேசப் போனவர்களிலேயே சிலர் அவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? அவசரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் குணம் என்று ஒன்று கிடையாதா? உண்டு. வால்டர் மிஷல், யூயிச்சி ஷோடா என்ற உளவியலாளர்களின் குழுவினர் கோடை முகாமில் சிறுவர்களை வாரக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார்கள். ஒருவன் சக பையன் சீண்டினால் அடிக்கப் போவான், பெரியவர் கண்டித்தால் அடங்கிவிடுவான். இன்னொருவன் நேர்மாறு. பொத்தாம்பொதுவாகப் பார்த்தால் இருவருமே முரட்டுப் பையன்கள். ஆனால் யாருக்கு எப்போது கோபம் வரும் என்ற அந்தத் தடம் பெரும்பாலும் ஓரளவு நிலையாகவே இருந்தது. ஒருவரின் குணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே அந்த 'எப்போது' இருக்கிறது: செருப்பைக் கழற்றுகிற நேரம். அதே கேள்வியைக் காபி குடித்த பிறகு கேட்டால் என்ன சொல்கிறார்? ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். நாம் கத்தினால் 'அலுப்பு' என்கிறோம், அடுத்தவர் கத்தினால் 'குணமே அப்படி' என்கிறோம். பெற்ற பிள்ளைக்குமா அந்தக் கணக்கு?

அதற்காகக் கத்துவதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அலுப்பு யாருக்கும் வரும், அதை அம்மாவிடம் கொட்டுவது தப்பு. அவர் சாப்பிட்டு ஓய்ந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லுங்கள். 'வெளியே நடிக்கிறாய்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு வலிக்கும், அது உண்மையும் இல்லை.